பம்ப்ல காலி

ஸ்டியரிங் சரியில்லை என்று யாராவது போன் செய்தால் நான் முதலில் கேட்பது, "சரியில்லைன்னா என்ன செய்யுது?" என்பதைத்தான். ஓட்டுகிறவன் வாயிலிருந்து வரும் வார்த்தையிலேயே பாதி வேலை முடிந்துவிடும். "கனக்குதுக்கா" என்றால் எண்ணெய்க்கு அழுத்தம் பத்தவில்லை. "ஒரு பக்கமா இழுக்குது" என்றால் சிலிண்டருக்குள் சீல் தேய்ந்து எண்ணெய் கசிகிறது. "துள்ளுது" என்றால் எண்ணெயோடு காற்று கலந்திருக்கிறது. "என்னமோ செய்யுது" என்கிறவனோடு மட்டும் எனக்கு ஒத்தே வராது. என்னமோ செய்கிற வண்டிக்கு என்னமோ ஒரு வைத்தியத்தைத்தான் பார்க்க முடியும் என்று சொல்லி போனை வைத்துவிடுவேன்.

கோவில்பட்டியில் எங்களுடையது ஹைட்ராலிக் ஹோஸ் கடை. ரோலர், கிரேடர், பொக்லைன் எல்லாவற்றுக்கும் ரப்பர் ஹோஸை அளந்து வெட்டி, இரண்டு முனையிலும் இரும்பு மூக்கை வைத்து மெஷினில் அழுத்தித் தருவோம். மெஷினில் என் வீட்டுக்காரர். ஸ்பானரும் வாயும் என்னிடம். வண்டி நின்ற இடத்துக்கு ஸ்கூட்டரில் போய்ப் பார்த்துவிட்டு வருவது நான்தான். அவருக்கு வெயில் ஆகாது, எனக்குச் சும்மா உட்கார்ந்திருப்பது ஆகாது. ஆரம்பத்தில் "பொம்பளையா வந்திருக்கு?" என்று கேட்டார்கள். வண்டி ஓடியதும் கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள். இப்போது ஓட்டப்பிடாரம் வரைக்கும் எல்லோருக்கும் நான் அக்கா. என்னைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அதுதான் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

இது போன புரட்டாசியில் நடந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த ரோலர் டிரைவர் ஒருவன் போன் செய்தான். நல்ல பையன். பையன் என்று சொல்கிறேனே தவிர முப்பதைத் தாண்டிவிட்டான். டீயைத் தவிர எதையும் தொடமாட்டான், அதிலும் சர்க்கரை கம்மி. ஆனால் ரோலர் ஓட்டுகிறவன் என்றாலே, இன்றைக்கு ஒரு ஊர், நாளைக்கு ஒரு ஊர், எங்கே தங்குவான், யாரோடு சேருவான் என்று பெண் வீட்டார் யோசிக்கிறார்கள். வந்த சம்பந்தமெல்லாம் அந்த யோசனையிலேயே கழன்றுபோனது. கடைசியில் ஒன்று கூடி வந்திருந்தது. பசுவந்தனைப் பக்கத்தில் ஒரு கிராமம், அவனுடைய ஆட்கள்தான், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். பெண்ணின் அப்பா ஆடு மேய்க்கிறவர், கொஞ்சம் கரிசல் நிலமும் உண்டு. பெண் புதியம்புத்தூரில் ஒரு தையல் கம்பெனிக்குப் போகிறது. வருகிற வெள்ளிக்கிழமை பூ வைத்து நிச்சயம் செய்கிறதாகப் பேச்சு.

இந்த நேரம் பார்த்து அவனுடைய ரோலரை அந்த ஊர் ரோட்டு வேலைக்கே அனுப்பிவிட்டார்கள். பொதுவாகப் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க ஊர் ஊராக அலைவார்கள். இங்கே மாப்பிள்ளையே பத்து டன் இரும்போடு அவர்கள் ஊர் வாசலில் போய் நின்றான்.

"அக்கா, நாளைக்கே வாங்க. என் கல்யாணம் நின்னுரும் போல இருக்கு," என்றான்.

"நான் ஹோஸ் பாக்குதவ. கல்யாணத்துக்கு ஜோசியரைக் கூப்பிடு."

"வெளையாடாதீங்கக்கா. மத்தியானம் ஆனா ரோலரு பாம்பு மாதிரி நெளியுது. நான் தண்ணியப் போட்டுட்டு ஓட்டுதேன்னு டீக்கடையில பேசுதாவ. மாமா ரோட்டோரம் ஆடு மேச்சிக்கிட்டு எல்லாத்தையும் பாத்துக்கிட்டே நிக்காரு."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவன் குரல் சிரிக்கிற மாதிரி இல்லை. "சரி, ஸ்டியரிங் என்ன செய்யுது?" என்றேன்.

"பம்ப்ல காலிக்கா. காலி." அங்கே ஒரே காற்று. போனில் பாதி இரைச்சல்தான் கேட்டது.

பம்ப் காலி என்று எனக்குப் புரிந்தது. ஆள் காலி, பேட்டரி காலி என்கிறோமே, அதுபோல் பம்ப் செத்துவிட்டது என்கிறான். டிரைவரே நோயின் பெயரைச் சொல்லிவிட்ட பிறகு நான் வேறு எதைக் கேட்கப்போகிறேன்? மறுநாள் காலையில் கடையில் சரிசெய்து வைத்திருந்த ஒரு பம்பை ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் வைத்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அந்த ரோடு இரண்டு பக்கமும் உழுதுபோட்ட கரிசல் காட்டுக்கு நடுவில் போகிறது. உளுந்து, மக்காச்சோளம் என்று விதையைப் போட்டுவிட்டு எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழை விழுவதற்குள் கிராவலை அமுக்கி முடிக்க வேண்டும் என்று ரோட்டு வேலையின் சூப்பர்வைசர் பறந்துகொண்டிருந்தார். கரிசல் ஒரு தடவை நனைந்துவிட்டால் ரோலரை அங்கேயே விட்டுவிட்டுப் பொங்கலுக்கு வந்துதான் எடுக்க முடியும். நானும் சொணங்காமல் பம்பை மாற்றினேன். புது எண்ணெய் ஊற்றி, காற்றை வெளியேற்றி, ஓட்டிப் பார்த்தோம். கோடு கிழித்தமாதிரி போனது. டிரைவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து அவன் திரும்ப ஏறினான். கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போன ரோலர் மெல்ல இடது பக்கம் சாய்ந்தது. அவன் வலது பக்கம் ஒடித்தான். ஸ்டியரிங் சும்மா சுற்றியது, பிறகு திடீரென்று பிடித்து மொத்த வண்டியும் வலது பக்கம் துள்ளியது. உடனே நிறுத்தினான். அவன் எப்போதும் உடனே நிறுத்திவிடுவான். நிறுத்தின இடத்தில் கிராவல் ரோட்டின் ஓரம் இடிந்து கிடந்தது.

சூப்பர்வைசர் என்னிடம் வந்தார். "பம்பையே மாத்தியாச்சு மேடம். இனிமே மிசினைக் குத்தம் சொல்ல முடியுமா? இவரு காலையில நல்லா ஓட்டுதாரு. சாப்பிட்டு வந்தா இப்படி. சாப்பாட்டோட என்ன உள்ள போவுதுன்னு யாரு கண்டா?"

அவனைக் காப்பாற்ற வந்த நானே அவன் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன். பம்ப் பழையதாக இருந்தவரைக்கும் அவனுக்குச் சொல்ல ஒரு சாக்காவது இருந்தது.

அந்த நேரத்தில்தான் பெண்ணின் அப்பா வந்தார். ஒல்லியான மனிதர், தோளில் தழை ஒடிக்கிற தொரட்டி, தலையில் துண்டு. ஆடுகளை ஓடை வேலமரங்களுக்குள் விட்டுவிட்டு ரோட்டில் ஏறி நேராக ரோலர் பக்கத்தில் போய் நின்றார். சத்தம் போடவில்லை.

"தம்பி, கொஞ்சம் எறங்குங்க," என்றார். இவன் இறங்கினான். "எம் மூஞ்சிக்கு நேரா காலி ஊதுங்க, பாப்போம்."

இவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். வேலைக்கு வந்த ஆட்கள் எல்லாரும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தார்கள்.

"ஊத மாட்டேன் மாமா."

"குடிக்காதவனுக்கு ஊதுறதுக்கு என்ன?"

"குடிக்கல. அதனாலதான் ஊத மாட்டேன்."

எனக்கு வந்ததே கோபம். ஊதித் தொலைந்தால் என்ன? ஒரு மூச்சுதானே? வெள்ளிக்கிழமை பூ வைக்கிற நேரத்தில் இவனுக்கு என்ன ரோஷம் என்று பல்லைக் கடித்தேன். பெரியவர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க தப்பா நெனைக்காதீங்கம்மா. மூத்தவள ஒருத்தன் கையில குடுத்துட்டு நான் படுத பாடு போதும். இவளையும் அப்படிக் குடுக்க முடியாது."

அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் எனக்கு வேறொன்று காதில் இடறிக்கொண்டே இருந்தது.

"அண்ணாச்சி, இப்ப அவன என்ன ஊதச் சொன்னீய?"

"காலி ஊதச் சொன்னேன்."

"காலின்னா?"

"காத்துதாம்மா. எங்க வீட்டுப் பேச்சுல காலின்னா காத்து."

பக்கத்திலிருந்து கேட்கும்போதுதான் தெரிந்தது. அவர் சொன்ன முதல் எழுத்து நாம் 'கால்' என்னும்போது வருகிற 'கா' இல்லை, 'தங்கம்' என்னும்போது வருகிற மெல்லிய 'க'. எழுதினால் இரண்டும் ஒன்றுதான். இங்கே அச்சில் நான் எழுதுவதிலும் அப்படித்தான் இருக்கிறது, நான் என்ன செய்ய? நான் பிறந்தது தூத்துக்குடி உப்பளப் பக்கம். கல்யாணமாகி இத்தனை வருடம் கோவில்பட்டியில் இருந்தும் தெலுங்கில் எனக்குத் தெரிந்தது 'ரா', 'போ' இரண்டுதான்.

டிரைவர் பக்கம் திரும்பினேன். "ஏலே, நேத்து போன்ல பம்ப்ல காலின்னியே, அது எந்தக் காலி?"

"காத்துதான்க்கா. பம்ப்ல காத்து ஏறுதுன்னுதான சொன்னேன்."

"அத காத்துன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதான?"

"பதட்டத்துல வீட்டுப் பேச்சு வந்துட்டுக்கா."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். என்ன கோளாறு என்று முதலிலேயே கண்டுபிடித்து என்னிடம் ஒப்படைத்திருக்கிறான், நான் செத்துப்போகாத பம்புக்குக் காரியம் செய்துகொண்டிருந்தேன். அந்த இடத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியவர் இந்த அம்மாவும் போட்டிருக்கிறாளோ என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நாளைக்கு இதே வெயில் நேரம் வரைக்கும் பேச்ச முறிச்சிராதீய. மிசினுக்குள்ள காத்து போவுது. எங்கன போவுதுன்னு கண்டுபிடிச்சிட்டா எல்லாருக்கும் தெரிஞ்சிரும்."

"நாளைக்குப் பொழுதடையறதுக்குள்ள சொல்லியாகணும்மா. சொந்தக்காரங்களுக்குத் தாக்கல் சொல்லி அனுப்பணும்," என்று சொல்லிவிட்டு ஆடுகளைப் பார்க்கப் போனார்.

நான் எண்ணெய் டாங்கின் மூடியைத் திறந்தேன். காலையில் ஊற்றிய எண்ணெய் கடைந்த மோர் மாதிரி நுரைத்துக் கிடந்தது. இந்தக் கோளாறில் என்ன சங்கடம் என்றால், வெளியே ஒரு சொட்டு ஒழுகாது. பம்பிலிருந்து ஸ்டியரிங்குக்குப் போகிற ஹோஸில் ஓட்டை விழுந்தால் எண்ணெய் பீச்சியடிக்கும், குருடனுக்கும் தெரியும். டாங்கிலிருந்து பம்புக்கு வருகிற ஹோஸ் அப்படியில்லை. அது உறிஞ்சுகிற பக்கம். அதில் ஓட்டை விழுந்தால் எண்ணெய் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். சுவடே இருக்காது. எண்ணெய் தள்ளினால் சக்கரம் திரும்பும். நடுவில் காற்று வந்தால் ஸ்டியரிங் சும்மா சுற்றும், காற்று கடந்ததும் வெடுக்கென்று பிடிக்கும். பார்க்கிறவர்களுக்கு அது அசல் குடிகார ஓட்டுதான்.

எஞ்சினை ஓடவிட்டுப் பம்பின் சத்தத்தைக் கேட்டேன். கிர்ரென்று ஒரு முனகல். விரலில் கிரீஸை எடுத்து ஒவ்வொரு இணைப்பாகப் பூசிக்கொண்டே வந்தேன். ஓட்டை இருக்கிற இடத்தில் கிரீஸ் அடைத்துக்கொண்டால் சத்தம் குறையும். முதல் இணைப்பில் ஒன்றுமில்லை. பம்பை ஒட்டிய இணைப்பிலும் இல்லை. ஹோஸ் வளைகிற இடத்தில், சட்டத்துக்குப் பின்னால் கை நுழையாத சந்தில், கையை மடக்கி விட்டு அடிப்பக்கம் பூசினேன். முனகல் நின்றது. துடைத்தேன், திரும்ப முனகியது.

"கிடைச்சிட்டுலே," என்றேன். அவன் கீழே படுத்து டார்ச் அடித்தான். ஹோஸைப் பார்த்தேன். அது ஹைட்ராலிக் ஹோஸே இல்லை. கிணற்று மோட்டாருக்குப் போடுகிற தண்ணீர் ஹோஸ். எங்கள் பக்கத்தில் இது ஒரு பழக்கம். எது கிழிந்தாலும் வீட்டில் கிடக்கிற மோட்டார் ஹோஸில் ஒரு முழம் வெட்டி, கம்பியைச் சுற்றி இறுக்கிவிடுவார்கள். டிராக்டரில், ஸ்பிரேயரில், மாட்டுத் தொட்டியில், எல்லாவற்றிலும் அந்த ஹோஸ்தான். முன்னால் வேலை பார்த்த யாரோ ஒரு புண்ணியவான் இதிலும் மாட்டிவிட்டிருக்கிறான். தண்ணீர் ஹோஸ் எண்ணெயைத் தாங்காது. காலையில் எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது விறைப்பாகப் பிடித்துக்கொண்டிருக்கும். வெயிலும் எஞ்சினும் சேர்ந்து சூடாக்கியதும் சுட்ட கத்தரிக்காய் மாதிரி தொளதொளத்து, வெடிப்பு வாயைத் திறந்துகொள்ளும். அது திறக்கிற நேரமும் இவன் சாப்பிட்டுவிட்டு வருகிற நேரமும் ஒன்றாக இருந்ததுதான் இவனுடைய தலையெழுத்து.

கழற்றிய பழைய பம்போடு சாயங்காலம் கடைக்குப் போனேன். வீட்டுக்காரர் அதைச் சோதித்துப் பார்த்துவிட்டு, "இது நல்லாத்தான இருக்கு? ஏன் மாத்தின?" என்றார்.

"பேசாம ஹோஸ வெட்டுங்க," என்றேன். பிறகு நடந்ததைச் சொன்னேன். மனிதர் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "உன்னையும் காலி பண்ணிட்டான்" என்று அன்றைக்குப் பலமுறை சொன்னார். எனக்கே அலுத்துப்போனது.

மறுநாள் சரியான ஹோஸை மாட்டினோம். நுரைத்த எண்ணெயை வடித்து வேறு ஊற்றினோம். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அவன் திருப்பிக்கொண்டே இருந்தான், நான் டாங்கைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முதலில் குமிழ் குமிழாக வந்தது. பிறகு ஒன்றிரண்டு. பிறகு எண்ணெய் கண்ணாடிபோல் அசையாமல் நின்றது. வெயில் ஏறட்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்தோம். வாழ்க்கையில் முதல் தடவையாக வெயில் இன்னும் கூடாதா என்று நினைத்தேன்.

பெரியவர் அன்றைக்கு ஆடுகளை வேறு யாரிடமோ விட்டுவிட்டு, கையில் தூக்குவாளியோடு வந்து வேலமர நிழலில் உட்கார்ந்தார். சூப்பர்வைசர் ரோட்டோரத்தில் நீளத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார். "அதைத் தொடாம அதை ஒட்டியே ஓட்டட்டும், பாப்போம்," என்றார்.

சாப்பிட்டுவிட்டு ஏறினான். முன்னால் போனான், பின்னால் வந்தான். திரும்பப் போனான். உலோகமெல்லாம் கைவைக்க முடியாமல் கொதித்தது. ரோலரின் விளிம்பு சுண்ணாம்புக் கோட்டை ஒட்டியே போனது, கோடு கலையவில்லை. வெயில் தாழ்கிறவரைக்கும் ஓட்டினான். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் என் பிள்ளை பரீட்சையில் பாஸானபோதுகூட இருந்ததில்லை. சூப்பர்வைசர் அவனிடம் போய், "மனசுல வச்சுக்காதப்பா," என்று சொல்லிவிட்டு வேலையாட்களை விரட்டப் போய்விட்டார்.

பெரியவர் எழுந்து வந்தார். "மிசினுதான்னு தெரிஞ்சுபோச்சு தம்பி. நான் நெனச்சது தப்பு. வெள்ளிக்கிழமை பூ வைக்க வந்துருங்க."

இவன் குதிப்பான் என்று நினைத்தேன். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்து நின்றான்.

"மாமா, மிசினு நாளைக்கும் கெடும். வேற ஊர்ல கெடும். அப்பல்லாம் அக்காவ சாட்சிக்குக் கூட்டியார முடியாது. உங்க மக என்ன நெனச்சான்னு எனக்குத் தெரியணும்."

கிடைத்ததை வாங்கிக்கொள்ளத் தெரியாத பயல் என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. பெரியவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மகளுக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். பின்னால் தையல் மெஷின்களின் சடசடப்பு. தெலுங்கில் ஆரம்பித்தது அந்தப் பெண். "தமிழ்ல பேசும்மா, ஹோஸ் கடை அம்மா இருக்காவ," என்றார். பிறகு கேட்டார்: "தம்பி குடிச்சிருந்ததுன்னு நீ நெனச்சியா?"

"முந்தாநாள் வரைக்கும் எனக்கும் சந்தேகந்தான்பா. நேத்து நீங்க ஊதச் சொன்னீயளாம், அவிய மாட்டேன்னுட்டாவளாம். அம்மா சொன்னா. அப்பவே சந்தேகம் போயிட்டு."

"ஊதாததுக்கா?"

"நம்ம அக்கா வீட்டுக்காரர மறந்துட்டீயளா? ஊதுன்னா ஊதுவாரு. கால்ல விழுன்னா விழுவாரு. சத்தியம் பண்ணுன்னா பண்ணுவாரு. சாயங்காலம் திரும்பக் குடிப்பாரு." மெஷின் சத்தம் கொஞ்சம் நின்றது. "இவியளும் ஊதியிருந்தாத்தான் நான் வேண்டாம்னுருப்பேன்."

பெரியவர் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுத் தூக்குவாளியைக் கையில் எடுத்தார்.

"வாங்க மாப்ள," என்றார். "கம்மங்கஞ்சி கொண்டாந்திருக்கேன். குடிப்போம்."

இவன் திரும்பி நின்று, கைத்துண்டை எடுத்து ரோலரின் பக்கவாட்டைத் துடைக்க ஆரம்பித்தான். அங்கே துடைக்க ஒன்றுமேயில்லை. துடைத்துக்கொண்டே இருந்தான்.

"ஏலே, மாமா கூப்பிடுதாவ, போ," என்றேன்.